கண்டியில் ஒரு நல்ல கோப்பி எங்கே கிடைக்கும்?

யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் கோப்பி எண்டால் செத்தவீடும் தடிமனும்தான். மல்லியும் சுக்கும் சேர்த்து இடிச்ச தூள், கொதிதண்ணி, நிறையச் சீனி. மற்ற நேரமெல்லாம் தேத்தண்ணி. அப்படிப்பட்ட நாங்கள் கண்டியில் விடிய ஐந்து மணிக்கு இறங்கி நல்ல கோப்பி தேடி அலைஞ்சதுக்குக் காரணம் எங்களில் ஒருவன். ஏ.எல். முடிச்சுக் கம்பஸ் கிடைக்கும்வரை வெள்ளவத்தைப் பக்கம் ஒரு கோப்பிக் கடையில் மெஷினுக்குப் பின்னால் நின்றவன். அதிலிருந்து அவனுக்கு பாரிஸ்டா என்றே பெயர்.

ஆய்வுக் கட்டுரைக்காகப் பேராதனை நூலகத்தில் சில பழைய புத்தகங்கள் பார்க்கவேண்டி இருந்தது. நாலு பேர் போனோம். மூன்று பேர் யாழ்ப்பாணம், ஒருத்தி மஸ்கெலியா. அவளுக்கும் கண்டி எண்டால் பஸ் மாறுற இடம் மட்டும்தான். ஆக நாலு பேருக்கும் ஊர் புதுசு.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் திறந்திருந்த கடைகளில் "கோப்பி தியனவாத?" என்று தெரிஞ்ச சிங்களத்தில் கேட்டோம். எல்லாரும் ஓம் என்றுதான் சொன்னார்கள். எல்லா இடத்திலும் ஒரு சின்னப் பைக்கற்றைக் கிழிச்சுக் கொட்டிச் சுடுதண்ணி விட்டார்கள். மூன்றாவது கடையில் பிளேன்ரீயே குடிச்சோம். அது நல்லாத்தான் இருந்தது.

தெரியாத ஊரில் கோப்பி தேடுறதுக்கு பாரிஸ்டாவிடம் ஒரு முறை இருக்கு. மற்றவர்களுக்கும் உதவும் என்றபடியால் எழுதுகிறோம். அவன் கூகிள் மெப்பில் ஸ்டார் எத்தனை என்று பார்க்கமாட்டான். ஸ்டார் போடுற ஆட்கள் கேக்குக்கும் ஏசிக்கும் வைஃபைக்கும்தான் போடுகினம் என்பது அவன் கணக்கு. ஆட்கள் போட்ட படங்களைப் பெரிசாக்கி, மெஷினுக்குப் பக்கத்தில் கொட்டை அரைக்கிற மெஷின் நிக்குதா என்று பார்ப்பான். வறுத்த கோப்பிக்கொட்டையை அரைச்சால் கொஞ்ச நேரத்திலேயே வாசம் பறக்கத் தொடங்கிவிடும். காலையில் அரைச்சு டப்பாவில் போட்டு வைக்கிற கடையில் எவ்வளவு விலையான மெஷின் இருந்தும் பிரயோசனம் இல்லை. கடைக்குள் போனதும் "எப்ப வறுத்தது?" என்று கேட்பான். திகதி சொன்னால் நல்லது. "இம்போர்ட்டட்" என்று பதில் வந்தால் வெளியே வந்துவிடுவான். பால் நுரைக்கிற குழாயைப் பார்ப்பான். அதில் காய்ஞ்ச பால் ஒட்டியிருந்தால் உள்ளே இருக்கிற மற்றப் பாகங்களும் அப்படித்தானாம்.

இவ்வளவும் தாண்டினால் பாலும் சீனியும் இல்லாமல் ஒரு எஸ்பிரஸோ மட்டும் கேட்பான். பாலும் சொக்லேட்டும் போட்டால் எந்தப் பிழையும் மறைஞ்சுபோகும், வெறும் எஸ்பிரஸோவில் ஒளிக்க இடமில்லை. ஒன்பது வளிமண்டல அழுத்தத்தில் சுடுதண்ணி அரைச்ச தூளுக்குள்ளால் 25, 30 செக்கனில் இறங்கவேண்டும். சும்மா ஓடி விழுந்தால் புளிக்கும், தண்ணியாய் இருக்கும். துளித்துளியாய் இழுபட்டால் கசக்கும். சரியாய் வந்தால் மேலே செம்மண் நிறத்தில் ஒரு நுரைப்படை நிற்கும்.

ஒன்பது மணிக்குப் பிறகு, வாவியிலிருந்து மேலே ஏறுற ஒரு ஒழுங்கையில் அப்படி ஒரு கடை கிடைத்தது. ஆறு கதிரை. கொட்டை கொத்மலைப் பக்கத்து அரபிக்கா, வறுத்து எட்டு நாள் என்று அந்த அண்ணை திகதியோடு சொன்னார். பாரிஸ்டா குடிச்சுவிட்டுக் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. பேந்து எங்களிடமும் கோப்பையை நீட்டினான். எங்களுக்கு முதலில் கசப்பு மட்டும்தான் தெரிஞ்சது. இரண்டாவது மிடறில் ஏதோ பழத்தின் புளிப்பு மாதிரி வந்தது.

ஒரு கோப்பை 600 ரூபாய். மஸ்கெலியாக்காரி பில்லைப் பார்த்துச் சிரிச்சாள். "எங்க அம்மா ஒருநா பூரா கொழுந்து எடுத்தா இதுல ரெண்டு குடிக்கலாம்." தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,000 ரூபாயாக்குவதற்கு 2021 வரை எத்தனை வருசம் போராடினார்கள் என்று செய்தி பார்த்த எல்லாருக்கும் தெரியும்.

கடைச் சுவரில் ஒரு பழைய படம். தொப்பி போட்ட வெள்ளைக்காரத் துரை ஒருவர், பின்னால் மலை. மெனு அட்டையில் இலங்கைக் கோப்பியின் வரலாறு மூன்று வரியில் இருந்தது: ஆங்கிலேயர் கோப்பி நட்டார்கள், நோய் வந்தது, தேயிலை வந்தது. மூன்று வரியும் சரி. பொய் ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் மேசையில் இருந்த ஒருத்தி அந்த மூன்று வரியிலும் இல்லை. இந்தக் கட்டுரை அதிலிருந்துதான் தொடங்கியது.

கோப்பிச்செடி ஆங்கிலேயருக்கு முதலே இங்கே இருந்தது. கண்டிய இராச்சியத்துக் கிராமங்களில் அதன் இளம் இலையைக் கறிக்குப் போட்டார்கள், மல்லிகை மாதிரி மணக்கிற வெள்ளைப் பூவை விகாரைக்கு வைத்தார்கள் என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. பழத்தை வறுத்துக் குடிக்கிற வழக்கம் பெரிசாக இருக்கவில்லை. ஒல்லாந்தர் கரையோரத்தில் நட்டுப் பார்த்தார்கள். அவர்களுக்கு ஜாவா இருந்தது, இங்கே மினக்கெடத் தேவையில்லாமல் போனது.

1815இல் கண்டி விழுந்த பிறகுதான் மலைநாடு ஆங்கிலேயரின் கைக்கு வந்தது. 1823இல் ஜோர்ஜ் பேர்ட் கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியவில் தோட்டம் போட்டார் என்பதை வைத்துத்தான் நாங்கள் மலையகம் 200 என்று எண்ணுகிறோம். அடுத்து வந்தவர் சாதாரண ஆளில்லை. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸே பேராதனைக்கு எதிர்க்கரையில், கன்னொறுவையில், சொந்தமாகக் கோப்பித் தோட்டம் வைத்திருந்தார். கொழும்பு கண்டி வீதியைப் போட்டவரும் அவர்தான், கோப்பிக்கு ஏற்றுமதி வரியை எடுத்தவரும் அவர்தான். வரி விதிக்கிறவரே தோட்டக்காரர் என்றால் வரி எப்படி இருக்கும்? ஆளுநரைப் பார்த்து மற்ற அதிகாரிகளும் இறங்கினார்கள். நீதவான், இராணுவ அதிகாரி, நில அளவையாளர் எல்லாரும் தோட்ட முதலாளிகள். அரச காணி ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்குப் போனது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரித்து நிரூபிக்க முடியாத காடும் தரிசும் முடிக்குரியது என்று ஆக்கியது. கண்டிக் கிராமத்தவனின் சேனைக் காணி காகிதத்தில் இருக்காது, அவன் தலைமுறையாகச் செய்துகொண்டு வந்தது. அது போனது.

இந்த அவசரத்துக்குக் காரணம் உலகத்தின் மற்றப் பக்கத்தில் இருந்தது. 1833இல் பிரித்தானியா தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டது. மேற்கிந்தியத் தீவுகளின் கோப்பித் தோட்டங்கள் அடிமை உழைப்பில் நின்றவை, அவை சரியத் தொடங்கின. 1835இல் இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் லண்டனில் ஒரே சுங்கவரி ஆனது. ஜமெய்க்காவில் பழகிய முறையைக் கொண்டுவந்து றொபேர்ட் போய்ட் டைட்லர் போன்றவர்கள் தும்பறைப் பள்ளத்தாக்குப் பக்கம் நட்டார்கள். 1840களில் ஒரு வெறி. 1847இல் விலை விழுந்து பலர் முறிஞ்சார்கள், பிறகு திரும்ப எழும்பியது. 1870களின் பிற்பகுதியில் ஏறத்தாழ 2,75,000 ஏக்கரில் கோப்பி நின்றது. பிரேசில், ஜாவாவுக்கு அடுத்ததாக இந்தச் சின்னத் தீவின் பெயர் வந்தது. கண்டிக் கிராமத்து வீட்டுத் தோட்டங்களின் கோப்பியும் அதில் கணிசமான பங்கு. அதை வாங்கிச் சந்தைக்குக் கொண்டுபோனவர்களில் முஸ்லிம் வியாபாரிகள் பலர். துரையின் படத்தில் இவர்களும் இல்லை.

மேற்கிந்தியாவில் அடிமைகள் செய்த வேலையை இங்கே யார் செய்தது? கண்டிக் கிராமத்தவர்கள் காடு வெட்ட வந்தார்கள், கூலிக்குத் தோட்டத்தில் கிடக்க வரவில்லை. அவர்களுக்குச் சொந்த வயல் இருந்தது. அதனால் ஆட்கள் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தார்கள். மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சாவூர், சேலம். பஞ்சமும் கடனும் சாதியும் தள்ளியது ஒரு பக்கம், கங்காணி கொடுத்த முற்பணம் இழுத்தது மறுபக்கம். அந்த முற்பணம் முதல் நாளிலேயே கடனாகக் கணக்கில் ஏறிவிடும். தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து மாத்தளைக்கு ஏறத்தாழ 150 மைல் நடந்தார்கள். மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா. தண்ணியில்லாத காடு, கொலரா, அம்மை, காய்ச்சல். 1840களில் வந்தவர்களில் நாலில் ஒருவர் செத்திருக்கலாம் என்று அந்தக் காலத்திலேயே கணக்குச் சொன்னவர்கள் இருந்தார்கள். சரியான எண் யாருக்கும் தெரியாது. பெயர் எழுதாமல் கூட்டிவந்தவர்களைச் செத்தபிறகு யார் எண்ணுவது?

நூலகத்தில் நாங்கள் பெர்குசன் டிரெக்டரிகளைப் புரட்டினோம். ஒவ்வொரு தோட்டத்துக்கும் பெயர், ஏக்கர், உரிமையாளர், மனேஜர் எல்லாம் ஒழுங்காக இருக்கும். தொழிலாளரின் பெயரைத் தேடினால் கிடைக்காது. எங்கள் மஸ்கெலியாக்காரி தன்ர தோட்டத்தின் பெயரைக் கண்டுபிடிச்சுப் படம் எடுத்தாள், அதற்கு மேல் எடுக்க ஒன்றும் இருக்கவில்லை.

வரைபடத்தைப் பார்த்தபோதுதான் இன்னொன்று விளங்கியது. மதவாச்சியிலிருந்து மாத்தளை வரைக்கும் அவர்கள் நடந்த வழியும் எங்கட இரவு பஸ் வந்த ஏ9 வீதியும் பெரும்பாலும் ஒன்றுதான். முதல் நாள் இரவு அந்த வழி முழுவதையும் நாங்கள் ஏசியைக் குறைக்கச் சொல்லிப்போட்டுப் போர்த்துக்கொண்டு நித்திரையில் கடந்திருந்தோம்.

யாழ்ப்பாணத்தாருக்கும் கோப்பிக் காலத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று நாங்கள் மூன்று பேரும் நினைச்சிருந்தோம். அப்படி இல்லை. மிஷன் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படிச்ச யாழ்ப்பாண இளைஞர்கள் கிளாக்கர்களாகவும் கணக்கப்பிள்ளைகளாகவும் கொண்டக்டர்களாகவும் மலைக்குப் போனார்கள். துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நின்று பேரேட்டைப் பிடிச்சவர்களில் எங்கட ஆட்களும் இருந்தார்கள். 1869இல் ஆபிரகாம் ஜோசப் என்பவர் எழுதிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' யாழ்ப்பாணத்தில் அச்சானது. தோட்ட உத்தியோகத்தர் ஒருவர் கோப்பி நடுவதையும் பராமரிப்பதையும் கும்மி மெட்டில் சொன்ன நூல் அது. மலையகத்தைப் பற்றிய ஆகப் பழைய தமிழ் அச்சு நூல்களில் ஒன்று. அதைத் துரைமாருக்கு ஏற்ற கண்ணோட்டத்தோடு எழுதினார் என்று இன்று சுலபமாகச் சொல்லலாம். ஆனால் "தோட்டக்காட்டான்" என்ற சொல்லை எங்கட வீடுகளில் கேட்டு வளர்ந்த நாங்கள் அவரைத் திட்டுவதற்கு முதல் கொஞ்சம் யோசிக்கவேண்டும். இதை எழுதலாமா வேண்டாமா என்று எங்களுக்குள் கதைச்சோம். எழுதச் சொன்னவள் அவள்தான்.

அந்தக் கும்மி அச்சான அதே 1869இல்தான் மடுல்சீமைப் பக்கத்துக் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் பொட்டுகள் தெரியத் தொடங்கின. தொட்டால் துருமாதிரி விரலில் ஒட்டுகிற தூள். பேராதனைத் தோட்டத்திலிருந்த துவெயிட்ஸ் மாதிரியை இங்கிலாந்துக்கு அனுப்ப, பேர்க்லி அதற்கு ஹெமிலேயா வஸ்டாற்றிக்ஸ் என்று பெயர் வைத்தார். துரைமார் நாக்குச் சுழலாமல் அதை டெவஸ்டேற்றிங் எமிலி என்று கூப்பிட்டார்களாம். நாசக்கார எமிலி! அழிவுக்குக்கூட ஒரு பொம்பிளையின் பெயர்தான் கிடைச்சிருக்கு.

பூஞ்சணம் செடியை உடனே கொல்லாது. இலையைக் கொட்டப் பண்ணும். இலை இல்லாத செடி காயை நிரப்பாது. வருசத்துக்கு வருசம் விளைச்சல் குறையும், துரை கொஞ்சம் உரம் போட்டுவிட்டு வாற வருசம் சரிவரும் என்பார். கோப்பி விலை நல்லா இருந்ததால் நோய் பரவின காலத்திலும் புதுக் காடு வெட்டி நட்டார்கள். மலைக்கு மலை இடைவெளியே இல்லாமல் ஒரே செடி. காற்றில் போகிற தூளுக்கு இதைவிட வசதி வேறு வேண்டாம். 1880இல் ஆராய அனுப்பப்பட்ட மார்ஷல் வார்ட் நோய் எப்படிப் பரவுகிறது என்பதைச் சரியாகக் கண்டுபிடிச்சார். அதற்குள் நேரம் கடந்திருந்தது. கொஞ்சக் காலம் சின்கோனா நட்டார்கள், அதன் விலையும் விழுந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். செத்த கோப்பி மரத்தின் கட்டைகளை இங்கிலாந்துக்கு அனுப்பித் தேநீர் மேசைக்குக் கால் செய்தார்கள் என்று ஒரு கதை இருக்கு. உண்மையோ தெரியாது, உண்மையாக இருக்கட்டும் என்று மனசு சொல்லுது.

1884 மே மாதம் கோப்பிக்குக் கடன் கொடுத்திருந்த ஒரியன்டல் பேங்க் கோப்பரேஷன் விழுந்தது. கையில் அதன் நோட்டு வைத்திருந்த சனம் கலங்கிப்போக, ஆளுநர் ஆதர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவிச்சார். அந்த வருசமே காகித நாணயச் சட்டம் வந்து அரசாங்கமே நோட்டு அடிக்கத் தொடங்கியது. எங்கட பொக்கெற்றில் இருக்கிற ரூபாய் நோட்டின் பூர்வீகத்தைத் தோண்டினால் ஒரு கோப்பி இலை வரும்.

அதே 1884 மே மாதம், இத்தாலியின் டூரின் நகரில் அஞ்செலோ மொரியொண்டோ என்பவர் நீராவியால் கோப்பி வடிக்கிற ஒரு மெஷினுக்குக் காப்புரிமை எடுத்தார். எஸ்பிரஸோ மெஷினின் பாட்டன் அதுதான். 1901இல் மிலானில் பெஸெரா ஒவ்வொரு கோப்பையாக வடிக்கிற மாதிரி மாற்றினார், பவோனி அதை விற்றார், இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு காஜியா நெம்புகோல் வைத்து அழுத்தத்தைக் கூட்டியதும்தான் மேலே அந்த நுரைப்படை வந்தது. இத்தாலிக்காரர் வேலைக்குப் போகிற வழியில் நின்றபடி இரண்டு மிடறில் குடிச்சுப்போட்டுப் போகப் பழகினார்கள். ஐரோப்பாவின் நகரங்களில் இந்த மெஷின் ஏறி உட்கார்ந்த காலத்தில் எங்கட மலையில் கோப்பி இல்லை. இருந்த காலத்திலும் அது லண்டனுக்குப் போகிற சரக்கு, ஊரார் கூடியிருந்து குடிக்கிற பொருள் இல்லை. அதனால்தான் உலகத்துக்கே கோப்பி அனுப்பிய நகரத்தில் பஸ் ஸ்டாண்டில் பைக்கற்றைக் கிழிக்கிறார்கள். கண்டிக்கு ரயில் 1867இல் வந்ததும் கோப்பி மூட்டைக்காகத்தான். ஸ்டேசன் இருக்கு, பாதை இருக்கு, கோப்பி மட்டும் இல்லை.

இந்த இடத்தில் நாங்கள் ஒரு வடிவான முடிவை எழுதி வைத்திருந்தோம். கோப்பி பருவப் பயிர், பழம் பறிக்கிற சில மாதங்களுக்குத்தான் ஆள் கூட வேண்டும், அதனால் தொழிலாளர் வந்து உழைச்சுத் திரும்பிப் போனார்கள். தேயிலையில் வருசம் முழுக்கக் கொழுந்து வரும், அதனால் குடும்பமாக லயத்தில் நிலைச்சார்கள். ஆகவே ஒரு பூஞ்சணம்தான் மலையக மக்களை உண்டாக்கியது. எங்களுக்கு இந்த வசனம் நல்லாப் பிடிச்சிருந்தது.

பேராதனையிலிருந்து திரும்பி வாற பஸ்ஸிலேயே மஸ்கெலியாக்காரி அதை உடைச்சாள். "அப்ப 1869க்கு முன்னாடி வந்தவங்க எல்லாம் டூர் வந்தவங்களா? நடந்து வந்து பாதிப் பேரு செத்து, மிச்சப் பேரு எல்லாரும் வருசா வருசம் திரும்பிப் போனாங்கன்னு யாரு எழுதினது?" என்று கேட்டாள். திரும்பப் போய்ப் பார்த்தால் அவள் சொல்வதில் நியாயம் இருந்தது. கோப்பிக் காலத்திலேயே பெண்களும் பிள்ளைகளுமாகத் தோட்டங்களில் தங்கியிருந்தவர்கள் கொஞ்சப்பேர் இல்லை என்று பட்ரிக் பீபிள்ஸ் போன்ற வரலாற்றாசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள். 1871 குடிசனக் கணக்கில் தோட்டங்களில் இருந்தவர்கள் ஒரு இலட்சத்துக்கு மேல். தேயிலை அந்தத் தொகையைப் பெருக்கியது, வேலையை வருசம் முழுக்க நீட்டியது. அது உண்மை. ஆனால் "வந்து போனவர்கள்" என்ற சொல்லுக்குள் ஒரு அரசியல் இருக்கு. துரைக்கு அது வசதி, ஏனென்றால் வந்து போகிறவனுக்கு வீடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் தேவையில்லை. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை எழுதினவர்களுக்கும் அதே சொல்தான் வசதியாக இருந்தது. தகப்பன், இல்லாட்டிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்குப் பத்திரம் காட்டு என்று கேட்டார்கள். டிரெக்டரியில் துரையின் பெயரும் ஏக்கரும் மட்டும் எழுதின நாட்டில், எந்தப் பத்திரத்தை?

அந்தச் சட்டங்களில் யாழ்ப்பாணத்துத் தலைவர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது வேறொரு நீண்ட கதை. தமிழ்க் காங்கிரஸ் பிரிஞ்சு 1949இல் தமிழரசுக் கட்சி உண்டானதற்கு அதுவும் ஒரு காரணம். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று ஒப்பந்தம் எழுதினார்கள். அவளுடைய அப்பப்பாவின் தம்பி குடும்பம் அப்படிப் போய் இப்போது நீலகிரியில் இருக்கு. அங்கேயும் தேயிலைதான். இன்னொரு பக்கத்துச் சொந்தக்காரர் கலவரங்களுக்குப் பிறகு வன்னிக்குப் போனவர்கள். இரவு பஸ்ஸில் நாங்கள் கிளிநொச்சியைக் கடந்தபோது அவள் மட்டும் நித்திரை கொள்ளாமல் வெளியே பார்த்துக்கொண்டு இருந்தாள். அப்போது எங்களுக்குக் காரணம் தெரியாது.

2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அந்தப் பழைய வழியில் திரும்ப ஒருமுறை நடந்தார்கள். ஜூலைக் கடைசியில் தொடங்கி ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிஞ்சது. எங்களுக்கு அந்த நேரம் அது ஒரு ஃபேஸ்புக் படம். லைக் போட்டிருப்போம்.

கடைசி நாள் பாரிஸ்டாவின் வற்புறுத்தலில் திரும்ப அந்த ஒழுங்கைக் கடைக்குப் போனோம். இந்த முறை நாலு எஸ்பிரஸோ, காசைப் பங்கு போட்டோம். கடைக்கார அண்ணையிடம் கொஞ்சம் கதைச்சோம். அவர் கொட்டை வாங்குவது கொத்மலைப் பக்கத்துச் சின்னச் சின்ன வீட்டுத்தோட்டக்காரரிடம். நல்லாச் சிவந்த பழத்தை மட்டும் பறிச்சுக் கொடுத்தால் கூடக் காசு கொடுக்கிறாராம். துரு நோய் இன்னும் இருக்கிறதா என்று கேட்டோம். சிரிச்சுவிட்டு, ஒவ்வொரு மழைக்கும் பயம்தான் என்றார். அந்தப் பூஞ்சணம் இங்கிருந்து ஆசியா, ஆபிரிக்கா எல்லாம் சுற்றி 1970இல் பிரேசிலுக்கே போய்ச் சேர்ந்தது. வெற்றிகரமான ஏற்றுமதி என்றால் அதைத்தான் சொல்லவேண்டும்.

மேசையில் விருந்தினர் எழுதுகிற ஒரு கொப்பி கிடந்தது. ஆங்கிலம், பிரெஞ்சு, கொஞ்சம் சிங்களம். மஸ்கெலியாக்காரி பேனை கேட்டு வாங்கி, தமிழில், "கோப்பி நல்லாருக்கு. இதுக்காக மன்னாருலருந்து நடந்து வந்தவங்களும் இருந்தாங்க, அந்தப் படத்துல இல்ல" என்று எழுதி, கீழே தன் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் போட்டாள். அண்ணைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. என்ன எழுதினது என்று கேட்டார். அவளே சிங்களத்தில் சொன்னாள். அவர் சுவரைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பில்லில் ஒரு கோப்பியின் காசைக் குறைச்சிருந்தார்.

வீட்டுக்கென்று 200 கிராம் கொட்டை வாங்கிக்கொண்டு வந்தோம். அரைக்க மெஷின் இல்லை என்று எங்களில் ஒருவனின் அம்மா அதை உரலில் போட்டு, வழக்கம்போல மல்லியும் சுக்கும் சேர்த்து இடிச்சுப்போட்டா. பாரிஸ்டா தலையில் கை வைத்தான். நாங்கள் எல்லாரும் இரண்டாவது தரமும் கேட்டு வாங்கிக் குடிச்சோம்.